செயற்கைத் தோலின் மேற்பரப்புக் குறைகளும் செப்பனிடும் முறைகளும்

(வெள்ளி விழாவின் தொழிற்கல்வி அரங்கில் ஆற்றிய உரை)

    

கல்வியைப் பற்றியும், சட்டத்தைப் பற்றியும், நம் முன்னோர் பட்ட பாட்டைப் பற்றியும் எடுத்துரைக்கத் தக்க பெரியோர் பலர் இவ்விழாவிற்கு வந்துள்ளனர். எங்களுக்கு அத்தகைய புலமை இல்லை. நாங்கள் செருப்பின் மேற்பகுதி தைப்பவர்கள்; வண்டி இருக்கைக்கும் சோபாவுக்கும் உறை மாற்றுபவர்கள். ஆகவே எங்கள் கைக்கு நாள்தோறும் வரும் ஒரு பொருளைப் பற்றியே பேச இசைந்தோம். ரெக்சின் என்று நம் ஊர்களில் யாவரும் வழங்கும் செயற்கைத் தோலில் உரிதல், வெடித்தல், பிசுபிசுத்தல், நிறம் மாறுதல் முதலிய குறைகள் ஏன் தோன்றுகின்றன, அவற்றுள் எவற்றைச் செப்பனிடலாம், எவற்றைச் செப்பனிட இயலாது என்பதே எங்கள் பேச்சின் பொருள்.

இது சிறிய பொருளன்றோ என்று சிலர் எண்ணலாம். எங்களுக்கு இது சிறிய பொருளாக இருந்ததில்லை. அதன் காரணத்தை முதலிலேயே கூறிவிடுகிறோம்.

2009ஆம் ஆண்டு. எங்கள் பட்டறை தொடங்கி இரண்டாம் ஆண்டு. ஐந்து பேர் வேலை செய்தோம். ஒரு நிறுவனத்தார் பெண்கள் செருப்புக்கு வார் தைத்துத் தருமாறு செயற்கைத் தோலை வெட்டுத் தாள்களாகக் கொடுத்தனுப்பினர். முந்நூறு இணை. குறித்த நாளில் தைத்துக் கொடுத்தோம். ஐந்து மாதம் கழிந்து, ஐப்பசி மழைக்காலத்தில், அவற்றுள் பாதிக்கு மேல் கடைகளிலிருந்து திரும்பி வந்தன. வார்களின் மேற்பரப்பு மீன் செதில் போல உதிர்ந்திருந்தது. உங்கள் பேஸ்ட் சரியில்லை, நீங்கள் சூடு அதிகமாகக் காட்டிவிட்டீர்கள் என்றனர். எங்களுக்கு விடை கூறத் தெரியவில்லை. ஐந்து பேருக்கும் இரண்டு வாரக் கூலி பிடித்தம் செய்யப்பட்டது. எங்களில் ஒருவர் மகளின் பள்ளிக் கட்டணத்திற்கு ஒதுக்கி வைத்திருந்த பணமும் அதில் போயிற்று. நாங்களும் எங்கள் கைதான் தவறிவிட்டது என்றே நம்பினோம். கூலி போனதைவிட அந்த நம்பிக்கைதான் எங்களை நெடுநாள் வருத்தியது.

அடுத்த பொங்கலுக்குப் பட்டறையை வெள்ளையடித்தபோது, பரண்மேல் அதே தாளின் வெட்டு மிச்சம் ஒரு கட்டு கிடைத்தது. ஊசி படாதது, பேஸ்ட் படாதது, சூடு படாதது. கட்டை அவிழ்த்தோம். மேற்பரப்பு விரலோடு ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது. குறை எங்கள் கையில் இல்லை, தாளின் உடம்பிலேயே இருந்தது என்பதை அன்றுதான் அறிந்தோம். ஆனால் அதை எடுத்துச் சொல்லும் சொல் எங்களிடம் அன்றும் இல்லை. அச்சொற்களைத் தேடிக் கற்றதன் பயனையே இன்று உங்கள் முன் வைக்கிறோம்.

முதலில் இப்பொருளின் பிறப்பைச் சுருங்கக் கூறுவோம். ரெக்சின் என்பது பொருளின் பெயரன்று. இங்கிலாந்தில் மாஞ்செஸ்டர் நகருக்கு அருகே ஹைடு என்னும் ஊரில் இருந்த ஒரு நிறுவனத்தின் வணிகப் பெயர் அது. பருத்தித் துணியின்மீது நைட்ரோ செல்லுலோசு என்னும் பூச்சைப் பூசி, அதன்மேல் தோலின் வரிகளை அழுத்திப் பதித்து அவர்கள் விற்றனர். எளிதில் தீப்பற்றும் பண்டம் அது. பின்னர் அதன் இடத்தைப் பி.வி.சி. பிடித்தது. இயல்பில் விறைப்பான அந்தப் பிளாஸ்டிக்கை எண்ணெய் போன்ற நீர்மங்களுடன் கலந்து வளையச் செய்யலாம் என்பதை அமெரிக்காவில் வால்டோ செமன் 1926இல் கண்டார். பாலியூரிதேன் என்னும் மற்றொரு பொருளுக்கு 1937இல் செருமனியில் ஓட்டோ பாயர் வழி வகுத்தார். இன்று நம் கைக்கு வரும் செயற்கைத் தோல் பெரும்பாலும் இவ்விரண்டில் ஒன்று. அல்லது இரண்டின் கலப்பு. பழைய ரெக்சின் போய்விட்டது, பெயர் மட்டும் நம் வாயில் நிலைத்துவிட்டது. இப்போது சில கடைகளில் 'வீகன் லெதர்' என்று சீட்டு ஒட்டி விலையை ஏற்றி விற்கின்றனர். அவற்றுள் மிகப் பல பழைய பாலியூரிதேன் தாளே. சீட்டைக் கண்டு மயங்க வேண்டா.

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, இராணிப்பேட்டை என்று பாலாற்றை ஒட்டிய ஊர்களில் பச்சைத் தோலைச் சுமந்தும், சுண்ணாம்புக் குழியில் நின்றும் உழைத்தவர்களுள் நம் மக்கள் மிகப் பலர். தோலைத் தொட்டவனைத் தீட்டு என்று ஒதுக்கிய ஊர், ரெக்சினைத் தொட்டவனை அவ்வாறு ஒதுக்கவில்லை. ரெக்சின் பையைத் தலைமாட்டில் வைத்து உறங்கவும் செய்தது. இதைப் போகிற போக்கில் சொல்லி வைக்கிறோம், மேலே செல்வோம்.

உண்மைத் தோலில் மேலும் கீழும் ஒரே உடம்பு. நார்கள் பின்னிப் பிணைந்து மேற்பரப்பு வரை சென்று நெருங்கி நிற்கும். செயற்கைத் தோலோ துணியின்மேல் ஒட்டிய ஒரு சவ்வு. அதைச் செய்யும் முறையை அறிந்தால் பாதிக் குறைகளின் காரணம் தானே விளங்கும். தோல் வரி பதித்த ஒரு வகைத் தாளின்மீது நிறம் சேர்த்த கூழைக் கத்தி போன்ற தகட்டால் மெல்லியதாகத் தேய்ப்பர். அடுப்பு அறைக்குள் அது சென்று உலரும். அதன்மேல் ஒட்டுக் கூழ் ஒரு படலம், அதன்மேல் துணி. மீண்டும் சூடு காட்டிய பின் தாளை உரித்து எடுப்பர். கல்லிலிருந்து தோசையைப் பெயர்ப்பது போல என்று வைத்துக்கொள்ளுங்கள். கல்லில் பட்ட பக்கம்தான் இங்கே மேற்பக்கம். ஆக, மேற்சவ்வு, நடுவே ஒட்டு, அடியில் துணி என மூன்று உடம்பு. குறை எந்த உடம்பில் தோன்றிற்று என்று கேட்பதே முதற்கேள்வி.

ஆலையில் நேரும் குறைகளை அவற்றின் வடிவத்தைக்கொண்டே கண்டுகொள்ளலாம். தாளின் நீளவாக்கில் விடாமல் ஒரு கோடு ஓடுகிறதா? தேய்க்கும் கத்தியின் விளிம்பில் உலர்ந்த கூழோ கட்டியோ சிக்கியிருந்தது. அகலவாக்கில் ஒரே ஒரு பட்டை தெரிகிறதா? இயந்திரம் நின்று மீண்டும் ஓடியது. ஒரே மாதிரியான வடு சம தூரத்தில் திரும்பத் திரும்ப வருகிறதா? சுழலும் உருளை ஒன்றில் அழுக்கோ காயமோ இருக்கிறது. வடுவுக்கும் வடுவுக்கும் உள்ள தூரமே அவ்வுருளையின் சுற்றளவு. 63 சென்டிமீட்டருக்கு ஒரு முறை வடு வந்தால் ஏறத்தாழ 20 சென்டிமீட்டர் விட்டமுள்ள உருளையைத் தேடச் சொல்லலாம். பள்ளியில் வட்டத்தின் சுற்றளவைப் படித்தபோது இது எதற்கு உதவும் என்று கேட்ட மாணவர்கள் இங்கே இருக்கக்கூடும்! ஒழுங்கின்றி ஆங்காங்கே ஊசித் துளைகள் காணப்பட்டால், கூழில் காற்றுக் குமிழி இருந்தது. அன்றி அடுப்பு அறையில் சூடு விரைந்து ஏறிக் கரைப்பான் கொப்புளித்தது. இவற்றுள் எதுவும் தைப்பவரின் பிழையன்று. ஆயினும் வெட்டுவதற்கு முன் தாளை விரித்து, சாய்ந்த வெளிச்சத்தில் ஒரு முறை பார்த்துவிட வேண்டும். வெட்டிய பின் முறையிட்டால் கேட்பாரில்லை.

இனி எங்கள் கூலியைக் கொண்டுபோன அந்தக் குறைக்கு வருவோம். அதற்கு நீராற்பகுப்பு என்று பெயர். பாலியூரிதேனில் பல வகை உண்டு. மலிவான வகைகள் பெரிதும் பாலியெஸ்டர் வழியில் செய்யப்படுபவை. நீண்ட சங்கிலி போன்ற அதன் மூலக்கூறுகளில், அமிலமும் ஆல்ககாலும் கைகோத்து நிற்கும் இணைப்புகள் இடையிடையே உள்ளன. காற்றிலுள்ள ஈரம் அவ்விணைப்புகளில் புகுந்து ஒவ்வொன்றாக அறுக்கும். அறுபட்ட இடத்தில் சிறிது அமிலம் பிறக்கும். அவ்வமிலம் அடுத்த இணைப்பு அறுபடுவதை மேலும் விரைவாக்கும். ஆதலால் முதலில் ஒன்றும் தெரியாது; தெரியத் தொடங்கியபின் நிற்காது. மாலையில் பூ வாடாமலே நார் அறுந்து உதிர்வது போன்றது இது. வெப்பமும் ஈரமும் கூடிய இடத்தில் இவ்வழிவு விரையும். கடலோரச் சென்னையின் புழுக்கமும், மழைக்காலத்தில் அடைத்து வைத்த கிடங்கும் அதற்கு ஏற்ற இடங்கள். இரண்டு மூன்று ஆண்டுகளிலேயே உதிரத் தொடங்கும் தாள்கள் உண்டு.

இதில் வியப்பிற்குரிய ஒன்றைக் கவனியுங்கள். பயன்படுத்தாமல் பெட்டியில் பூட்டி வைத்த செருப்பும் உதிரும். 'ஒரு நாளும் போட்டதில்லையே, புத்தம் புதிதாக வைத்திருந்தேனே' என்று வாடிக்கையாளர் கண் கலங்கக் கூறுவதை நாங்கள் பன்முறை கேட்டிருக்கிறோம். திருமணத்திற்கு வாங்கிய செருப்பு, வளைகாப்புக்கு எடுக்கும்போது தூளாகிவிடும். அது தேய்மானத்தால் வந்த அழிவன்று. காலத்தாலும் ஈரத்தாலும் வந்தது. நெகிழி உறையில் காற்றுப் புகாமல் கட்டி வைத்தால் உள்ளே அகப்பட்ட ஈரம் அங்கேயே தங்கி மேலும் கேடு செய்யும்.

இதற்கு மாற்று இல்லாமல் இல்லை. பாலியீதர் வழியில் செய்த பாலியூரிதேன் ஈரத்தைத் தாங்கும். ஒளிக்கும் காற்றிலுள்ள ஆக்சிஜனுக்கும் சற்றே தளரும். பாலிகார்பனேட் வழியில் செய்தது இரண்டையும் நன்கு தாங்கும், விலை மிகுதி. ஆலைகள் இதைச் சோதிப்பதற்கு 70 டிகிரி செல்சியசு வெப்பமும் 95 விழுக்காடு ஈரப்பதமும் உள்ள பெட்டிக்குள் துண்டுகளை வாரக்கணக்கில் வைத்துப் பார்க்கின்றன. ஆகவே தாள் விற்பவரிடம், இது எவ்வழியில் செய்தது, நீராற்பகுப்புச் சோதனையில் எத்தனை வாரம் தாங்கிற்று என்று கேட்கலாம். கேட்பதற்குக் காசு இல்லை. விடை தெரியாமல் விழிப்பவரிடம் பெரிய அளவில் வாங்காதிருப்பது நலம். ஐயம் பெரிதாயின், சென்னை அடையாற்றில் 1948இல் நிறுவப்பெற்ற நடுவண் தோல் ஆராய்ச்சி நிலையத்தில் கட்டணம் செலுத்திப் பொருள்களைச் சோதிக்கும் வாய்ப்பும் உண்டு. அதன் வாயிற்படியை மிதிக்க நம் பிள்ளைகள் தயங்க வேண்டியதில்லை.

பி.வி.சி.யின் நோய் வேறு. அது ஈரத்தால் உதிர்வதில்லை; அதன் நோய் எண்ணெய் வறட்சி. விறைப்பான பி.வி.சி.யை வளையச் செய்வதற்குக் கலக்கும் நீர்மத்தை இளக்கி என்போம். வளையும் தாளில் எடையில் மூன்றில் ஒரு பங்கு வரையில்கூட இளக்கி இருப்பதுண்டு. அது பி.வி.சி.யோடு வேதியியல் முறையில் கட்டுண்டு இருப்பதன்று, ஊடே தங்கியிருப்பதுதான். ஆகவே வெயிலில் ஆவியாகும். எண்ணெய் பட்டால் அதனோடு வெளியேறும். அருகிலுள்ள வேறு பொருளுக்குக் குடிபெயரும். வெளியே நிறுத்திய இருசக்கர வண்டியின் இருக்கை சில கோடைகளில் விறைத்து, தையலோரம் வெடிப்பது இதனால்தான். பேருந்து இருக்கையின் தலை சாயும் இடம் மட்டும் முதலில் கறுத்து வெடிப்பதைப் பார்த்திருப்பீர்கள். அங்கே நம் தேங்காய் எண்ணெய் வேலை செய்கிறது. மெருகு பூசிய மரப் பலகையின்மேல் ரெக்சின் பையை நெடுநாள் வைத்தால் இரண்டும் ஒட்டிக்கொள்வதும், இளக்கி மெருகுக்குள் புகுவதால் நேர்வதே. மேற்பரப்பில் பிசுபிசுப்பு ஏற்பட்டு அழுக்கை ஈர்ப்பதும் அதன் மற்றொரு வடிவம். மழைக்காலத்தில் தோன்றும் கரும்புள்ளிகளும் இளஞ்சிவப்புக் கறைகளும் நுண்ணுயிர்களின் செயல். இளக்கியை உணவாகக் கொள்ளும் பூஞ்சைகள் உண்டு.

இளக்கிகளுள் சிலவற்றின்மேல் இன்று சட்டத்தின் கண்ணும் விழுந்துள்ளது. 2020 ஜூலை முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் நான்கு வகைத் தாலேட்டு இளக்கிகள், மக்கள் உடலில் படும் பிளாஸ்டிக் பொருள்களில் 0.1 விழுக்காட்டுக்கு மேல் இருத்தல் கூடாது. நம் பகுதியில் தைக்கும் செருப்புகள் அந்நாடுகளுக்குச் செல்கின்றன ஆதலின் இது தொலைதூரச் செய்தியன்று.

சரி, கையிலுள்ள தாள் எவ்வகை என்று அறிவதெங்ஙனம்? ஒரு செப்புக் கம்பியை எடுத்து, தீயில் காட்டிப் பச்சை நிறம் தோன்றாத அளவுக்குச் சுட்டுத் தூய்மை செய்யுங்கள். சிவக்கச் சுட்ட கம்பியைத் தாளின் மேற்சவ்வில் தொட்டு மீண்டும் தீயில் காட்டுங்கள். பச்சைச் சுடர் எழுந்தால் குளோரின் உண்டு, பி.வி.சி. எனக் கொள்ளலாம். எழாவிட்டால் பெரும்பாலும் பாலியூரிதேன். 1872இல் பெயில்ஸ்டைன் என்னும் வேதியியலறிஞர் வெளியிட்ட சோதனை இது. ஆனால் பி.வி.சி. அடிப்படலத்தின்மேல் மெல்லிய பாலியூரிதேன் பூசிய கலப்புத் தாள்களும் சந்தையில் உண்டு. அவற்றில் மேற்சவ்வைச் சுரண்டி எடுத்துத் தனியாகவும், அடிப்படலத்தைத் தனியாகவும் சோதிக்க வேண்டும். திறந்த வெளியில், காற்றுக்கு முதுகு காட்டி நின்று, கடுகளவு துண்டில் செய்யுங்கள். புகையை முகர்ந்து பார்க்காதீர்கள்.

பட்டறையில் நம் கையாலேயே நேரும் குறைகளும் உள. அவற்றை மறைப்பது முறையன்று. தையலை மிக நெருக்கமாகப் போட்டால் அஞ்சல் தலையின் ஓரம் போல அந்த வரிசையிலேயே தாள் கிழியும். அங்குலத்திற்கு ஏழெட்டுத் தையல் போதும். துணியில் ஊசித் துளை ஓரளவு மூடிக்கொள்ளும். செயற்கைத் தோலில் விழுந்த துளை விழுந்ததுதான். ஆகவே பிரித்துத் தைக்க நேரும் வேலையைத் தொடக்கத்திலேயே தவிர்க்க வேண்டும். பேஸ்ட்டைக் கனமாகத் தடவி, உலரவிடாமல் உடனே அமுக்கினால், அகப்பட்ட கரைப்பான் மேற்சவ்வை வீங்கச் செய்து கொப்புளம் எழுப்பும். விரலால் தொட்டால் ஒட்டியும் ஒட்டாத நிலை வரும்வரை பொறுத்தல் வேண்டும். பி.வி.சி.க்கு நியோப்ரீன் பேஸ்ட் நெடுநாள் நிற்பதில்லை. இளக்கி அதற்குள் புகுந்து இளகச் செய்துவிடும். பாலியூரிதேன் பேஸ்ட்டே அதற்குத் தக்கது. இது தெரியாமல் நாங்கள் திருப்பி ஒட்டிக்கொடுத்த செருப்புகளுக்குக் கணக்கில்லை. குளிர்ந்த நிலையில் அப்பரை லாஸ்ட் கட்டையின்மேல் வலிந்து இழுத்தால் மூக்குப் பகுதி வெளுக்கும், பின்பு வெடிக்கும். சற்றே வெதுவெதுப்பாக்கி இழுக்க வேண்டும். ஹீட் கன்னை ஓரிடத்தில் நிறுத்தினால் வரிகள் உருகிப் பளபளக்கும். அந்தப் பளபளப்பை மீட்டெடுப்பது மிகக் கடினம்.

வைப்பு முறையைப் பற்றி ஒரு சொல். தாளை மடித்து அடுக்காதீர்கள். உருளையில் சுற்றியே வையுங்கள். செய்தித்தாளில் சுற்றாதீர்கள்; அச்சு மை பி.வி.சி.க்குள் இறங்கிவிடும். பந்துமுனைப் பேனாவின் மையும் அவ்வாறே. உடனே துடைத்தால் ஓரளவு போகும், ஒரு நாள் கழிந்தால் போகாது. கறையைக் கண்டதும் தின்னரைத் தேடி ஓடுபவர்கள் கறையோடு வரியையும் துடைத்துவிடுகிறார்கள். 2020இல் கொரோனா பரவியபோது ஆல்ககால் கலந்த கைத்தூய்மிப்பானை இருக்கைகளில் தெளித்துத் தெளித்துத் துடைத்தவர்கள் பின்னர் மங்கிய உறைகளோடு எங்களிடம் வந்தனர். வெதுவெதுப்பான நீர், மென்மையான சோப்பு, பருத்தித் துணி ஆகிய இவற்றுக்கு மேல் அன்றாடத் தூய்மைக்கு வேண்டுவதில்லை.

இனிச் செப்பனிடும் முறைகள். மடிப்புச் சுருக்கம் மட்டும் உள்ள பி.வி.சி. தாளை வெயிலில் சிறிது நேரம் விரித்தோ, ஹீட் கன்னைச் சற்றுத் தொலைவில் அசைத்துக்கொண்டே காட்டியோ இளகச் செய்து, இழுத்துப் பிடித்து, அப்படியே ஆறவிட்டால் சுருக்கம் மறையும். ஆறும்வரை பிடித்திருப்பதே இதிலுள்ள நுட்பம்.

பி.வி.சி. உறையில் கிழிசல் ஏற்பட்டால், முதலில் சோப்பு நீரால் எண்ணெய்ப் பசை நீங்கத் துடைத்து உலர்த்த வேண்டும். எண்ணெயின்மேல் எதுவும் ஒட்டாது. பின்பு கிழிசலைவிடச் சுற்றிலும் ஓர் அங்குலம் பெரிதான மெல்லிய துணியை உள்ளே செலுத்தி, வளையும் பேஸ்ட்டால் அடியிலிருந்து ஒட்டி, இரு விளிம்புகளையும் சேர்த்து அமுக்கி வைக்க வேண்டும். விளிம்புகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறலாகாது. நூல் பிரிந்து நிற்பவற்றைக் கத்தரித்துவிட வேண்டும். இடைவெளியில் பி.வி.சி. கூழை மெல்லிய படலமாக நிரப்பி, வரி பதித்த தாளை மேலே வைத்து, சிறு சூட்டுக் கருவியால் அமுக்கினால் அது உருகி இணையும். அதற்கு 150 டிகிரிக்கு மேற்பட்ட வெப்பம் வேண்டுமாதலால் அடியிலுள்ள பஞ்சு கருகாதபடி பார்த்துக்கொள்ள வேண்டும். ஒரே தடவையில் நிரப்ப முயல்பவர் குமிழியைத்தான் நிரப்புவர். இரண்டு மூன்று படலங்களாகச் செய்யுங்கள். கடையில் கிடைக்கும் வரித்தாள் பொருந்தாவிட்டால், அதே இருக்கையில் கெடாத இடத்தின்மேல் சிலிக்கோன் பசையைப் பரப்பி உலரவிட்டு உரித்தெடுத்தால் அவ்விருக்கையின் வரியே அச்சாகக் கிடைக்கும். நிறம் பூசுகையில் வளையும் தன்மையுள்ள வண்ணத்தை மிக மெல்லியதாகப் பல முறை பூச வேண்டும். எனாமலும் நகப்பூச்சும் விறைப்பானவை. இருவர் உட்கார்ந்து எழுந்தால் வெடித்துவிடும். நிறக் கலவையை ஈரத்தில் பார்த்து முடிவு செய்யாதீர்கள். உலர்ந்த பின்னரே உண்மை நிறம் தெரியும்.

பாலியூரிதேன் உறையில் ஆணியோ வளையலோ கீறிய கீறல் என்றால், தளர்ந்த ஓரத்தை வெட்டி நீக்கி, மென்மையான உப்புத்தாளால் விளிம்பைத் தேய்த்துச் சரிவாக்கி, நிரப்பிக் கூழிட்டு, நிறம் பூசலாம். ஆனால் உதிர்வு என்றால் முதலில் நிறுத்திச் சோதியுங்கள். கெடாதது போலத் தோன்றும் இடத்தில் ஒட்டு நாடாவை நன்கு அமுக்கி, விருட்டென்று இழுங்கள். நாடாவோடு மேற்சவ்வு செதிலாக வந்தால் அத்தாள் உள்ளிருந்தே அழிந்துகொண்டிருக்கிறது. அதன்மேல் எதைப் பூசினாலும், உளுத்த மரத்தின்மேல் வண்ணம் பூசியது போலத்தான். துணியோடு பிடிப்பற்ற சவ்வின்மேல் நம் பூச்சு எதைப் பற்றிக்கொண்டு நிற்கும்? அங்கே செய்யத் தக்கது உறையை மாற்றுவது ஒன்றே.

இதில் நாங்கள் தவறு செய்ததுண்டு. ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவரின் சோபாவை, உதிர்வென்று அறிந்திருந்தும், அவர் கெஞ்சிக் கேட்டதற்காகவும், கையில் வேறு வேலை இல்லாததற்காகவும் வண்ணம் பூசிக் கொடுத்தோம். பார்வைக்கு அழகாகவே இருந்தது. மூன்று மாதத்தில் பழைய செதிலும் எங்கள் புதிய வண்ணமும் ஒன்றாக உதிர்ந்தன. அவர் சண்டை பிடிக்கவில்லை; 'தெரிந்தே செய்தீர்களா?' என்று மட்டும் கேட்டார். பணத்தைத் திருப்பிக் கொடுத்தோம். முதலிலேயே 'முடியாது, உறை மாற்றத்தான் வேண்டும், இன்ன செலவாகும்' என்று கூறியிருந்தால் அந்த வேலையும் எங்களுக்கே கிடைத்திருக்கும். அது வேறொருவரிடம் போயிற்று.

உடல்நலம் பற்றிச் சொல்லாமல் விடுவதற்கில்லை. பேஸ்ட்டிலும் தின்னரிலும் உள்ள டொலுவீன் தலைச்சுற்றலும் மயக்கமும் தரும். பாலியூரிதேன் தாள் ஆலைகளில் பயன்படும் டி.எம்.எஃப். என்னும் கரைப்பான் கல்லீரலைக் கெடுப்பது. மூச்சின் வழியே மட்டுமன்றித் தோலின் வழியாகவும் உடலுக்குள் புகும். ஆகவே அவ்வாலைகளுக்கு வேலைக்குச் செல்லும் நம் பிள்ளைகள் கையுறை கேட்டு வாங்கி அணிய வேண்டும். வீட்டிலேயே அப்பர் தைக்கும் தாய்மார்கள் குழந்தைகள் உறங்கும் அறையில் பேஸ்ட் டப்பாவைத் திறந்து வைக்காதீர்கள். மிஞ்சிய பி.வி.சி. துண்டுகளை அடுப்பிலோ தெருவோரத்திலோ கொளுத்தாதீர்கள். அப்புகையில் ஐதரோகுளோரிக் அமில ஆவியும் டையாக்சின் என்னும் நச்சும் உண்டு.

இறுதியாக எங்கள் பரணுக்கு மீண்டும் வருவோம். அந்தக் கட்டு கிடைத்த நாள் முதலாக, எங்கள் பட்டறைக்கு வரும் ஒவ்வொரு தாளிலிருந்தும் உள்ளங்கை அளவு இரண்டு துண்டு வெட்டி எடுக்கிறோம். ஒன்றில் ஒன்றும் செய்வதில்லை. மற்றொன்றில் நாங்கள் இடும் தையலும் பேஸ்ட்டும் இட்டு வைக்கிறோம். கொடுத்தவர் பெயர், வந்த நாள், தாளின் எண் ஆகியவற்றைச் சீட்டில் எழுதிக் கட்டி, ஒரு பேரேட்டிலும் பதிகிறோம். சரக்கை வாங்கும்போதே கொடுப்பவரிடமும் அந்தப் பக்கத்தில் கையொப்பம் பெறுகிறோம். முதலில் சிலர் சிரித்தனர்.

2014இல் வேறொரு நிறுவனத்தார் கைப்பைப் பிடிகள் உரிந்துவிட்டன என்று கூலியைப் பிடிக்க முனைந்தனர். பேரேட்டை எடுத்துச் சென்றோம். சீட்டுக் கட்டிய இரண்டு துண்டுகளையும் மேசைமேல் வைத்தோம். மேற்பார்வையாளர் ஊசி படாத துண்டை எடுத்துத் தம் நகத்தாலேயே கீறினார், செதில் வந்தது. தையலிட்ட துண்டையும் கீறினார், அதுவும் அவ்வாறே. நாங்கள் நீராற்பகுப்பு என்ற சொல்லைச் சொல்லி, அது எவ்வாறு நிகழ்கிறது என்பதையும் நின்றபடியே விளக்கினோம். சற்று நேரம் பேசாதிருந்தார். பிறகு உட்காரச் சொன்னார். அந்த வாரக் கூலி முழுமையாக வந்தது. தாள் விற்றவர்மேல் அவர்கள் தொடுத்த முறையீட்டுக்கு எங்கள் துண்டுகளைத்தான் கேட்டு வாங்கிச் சென்றனர்.

அந்தப் பேரேடும், 2010 முதல் சேர்த்த துண்டுகளுள் ஒரு பகுதியும் அரங்கின் பின்புறம் மேசையில் உள்ளன. செப்புக் கம்பியும் விளக்கும் வாசலுக்கு வெளியே வைத்திருக்கிறோம். தேநீர் இடைவேளையில் இளைஞர்கள் வந்து தொட்டும் கீறியும் பாருங்கள். சீட்டுகளைக் கழற்றிவிடாதீர்கள்.